அட்ரினல் களைப்புக்கு எத்தனை மணித்தியாலம் நித்திரை?

கேள்வி: வணக்கம் டொக்டர். எனக்கு 36 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறோம். லண்டன் கம்பனி ஒன்றின் கணக்குகளைப் பார்க்கிற கந்தோரில் வேலை. பின்னேரம் 2.30க்குத் தொடங்கி இரவு 10.30க்கு முடியும். போன வருடம் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதற்குப் பிறகு பழைய உடம்பு திரும்பவே இல்லை. எழும்பும்போதே அலுப்பு. பகலில் கண் சொருகும், இரவு 11 மணிக்கு வீட்டுக்கு வந்தால் மூளை விழித்துக்கொள்ளும். படுக்க 1 மணி ஆகிவிடும். ஸ்கூல் வான் 6.10க்கு வருவதால் 5 மணிக்கு எழும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை 11 மணி வரை படுத்தாலும் தலை பாரம் போவதில்லை. லீவு நாளில் வெள்ளனப் படுத்தால் விடியப்புறம் 3 மணிக்கு முழிப்பு வருகிறது. இணையத்தில் ஓர் ஆரோக்கிய ஆலோசகர் எச்சில் பரிசோதனை செய்து, 'அட்ரினல் களைப்பு, மூன்றாம் கட்டம்' என்றார். இரவு 10 முதல் காலை 9 வரை நித்திரை கொள்ளாவிட்டால் சுரப்பி தேறாதாம். அவர் தந்த குளிசையை இரண்டு மாதமாக எடுக்கிறேன். அவ்வளவு நித்திரைக்கு என் வீட்டில் வழியே இல்லை. உண்மையில் எத்தனை மணித்தியாலம் வேண்டும்? வேலையை விட வேண்டுமா?
— வாசகி, கொழும்பு 6

பதில்: சகோதரி, கேட்ட கேள்விக்கு முதலில் விடை. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 7 முதல் 9 மணித்தியாலம் நித்திரை வேண்டும். நோயில் விழுந்து எழும்பியவருக்கும் கணக்கு இதுதான். முதல் சில கிழமைகள் 9 பக்கமாகச் சாயலாம். உங்களுக்கு நான் வைக்கிற இலக்கு ஏழரை. 11 மணித்தியாலம் கட்டாயம் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

இனி உங்கள் கடிதத்துக்கு வருவோம். 1 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழும்புகிறீர்கள். அதாவது 4 மணித்தியாலம். வேலை நாள் ஐந்தையும் கூட்டினால் 20. குறைந்தபட்சக் கணக்கில் 35 வேண்டும். ஒரு கிழமையில் 15 மணித்தியாலம் துண்டு விழுகிறது, ஒரு ஞாயிறு அதை எப்படி நிரப்பும்? கடிதத்தில் இரண்டு வரியில் இருக்கிற இந்தக் கணக்கை அந்த ஆலோசகர் போட்டுப் பார்க்கவில்லை. எச்சிலை எடுத்து அனுப்பச் சொன்னார், காசு வாங்கினார், கட்டம் சொன்னார். இரவில் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று கேட்க இயந்திரம் எதுவும் தேவையில்லை.

அட்ரினல் களைப்பு என்ற பெயரை 1998இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் வில்சன் என்பவர் பரப்பினார். நெடுநாள் மன அழுத்தத்தால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரினல் சுரப்பி ஓய்ந்து போய், கோட்டிசோல் என்ற ஹோர்மோனைப் போதியளவு சுரப்பதில்லை என்பது அவருடைய கருத்து. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். 2016இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் இது பற்றி வந்த 58 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அப்படி ஒரு நோய் இருப்பதற்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். ஹோர்மோன் வைத்திய நிபுணர்களின் சங்கங்களும் இதை நோயாக ஏற்கவில்லை. மன அழுத்தத்தில் இருப்பவருக்கு அந்தச் சுரப்பி வேலைநிறுத்தம் செய்வதில்லை. எச்சில் பரிசோதனையில் வருகிற ஏற்ற இறக்கம் நித்திரை நேரம், ஷிஃப்ட் வேலை, எச்சில் எடுத்த நேரம் எல்லாவற்றாலும் மாறக்கூடியது. 1 மணிக்குப் படுக்கிற ஒருவரின் ரிப்போர்ட்டை 10 மணிக்குப் படுக்கிறவரின் அளவோடு ஒப்பிட்டால் கோணலாகத்தான் தெரியும்.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். 'அப்ப எனக்கு ஒன்றும் இல்லையா, நான் நடிக்கிறேனா?' என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். உங்கள் களைப்பு முழுக்க உண்மை. அதற்கு வைத்த பெயர்தான் பிழை. பிழையான பெயர் வைத்தால் சரியான காரணத்தைத் தேடுவது நின்றுவிடும் என்பதுதான் என் கவலை.

அட்ரினல் சுரப்பி உண்மையிலேயே பழுதாகிற நோய் ஒன்று இருக்கிறது. தோமஸ் அடிசன் என்ற வைத்தியர் 1855இல் விவரித்தது. இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. நம் பக்கத்து நாடுகளில் காசநோயாலும் வரும். அதில் களைப்போடு மெலிவு, பசியின்மை, எழும்பி நின்றால் தலைசுற்று, அடிக்கடி குமட்டல், உப்புக்கு ஆசை எல்லாம் சேரும். உள்ளங்கை ரேகையும் முரசும் கறுக்கும். நம் நிறத்தில் முகம் கறுத்ததைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஆகவே ரேகையைப் பாருங்கள். இந்த நோய்க்கு நித்திரை மருந்தாகாது. வாழ்நாள் முழுக்க ஹைட்ரோகோட்டிசோன் குளிசை எடுக்க வேண்டும். முதல் வேளை எழும்பியவுடன், கடைசி வேளை பின்னேரத்தைத் தாண்டாமல். இரவில் எடுத்தால் நித்திரை குழம்பும். அந்த நோயாளிக்கும் நித்திரைக் கணக்கு அதே 7 முதல் 9தான்.

ஸ்டீரொய்ட் மருந்தை நீண்ட நாள் பாவித்தாலும் சுரப்பி உறங்கிவிடும், திடீரென்று நிறுத்தினால் அது உடனே எழும்பாது. இங்கே ஒரு விஷயத்தை நேராகக் கேட்க வேண்டும். தொய்வுக்கோ மூட்டு வலிக்கோ பிரெட்னிசொலோன் மூன்று கிழமைக்கு மேல் எடுத்தீர்களா? முகம் வெள்ளையாக வருவதற்கு என்று பெட்டியில் பெயர் விபரம் சரியாக இல்லாத கிறீம் ஏதும் மாதக் கணக்கில் பூசினீர்களா? கொழும்பில் விற்கிற அந்த மாதிரிக் கிறீம்கள் சிலவற்றில் வலுவான ஸ்டீரொய்ட் கலந்திருக்கும். வைத்தியரிடம் போனால் இதை மறைக்காதீர்கள். வெட்கப்பட்டு மறைப்பவர்கள் அதிகம் என்பதால்தான் நானாகவே கேட்கிறேன்.

அந்த ஆலோசகர் தந்த குளிசைப் போத்தல். இதுதான் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அட்ரினலுக்குப் பலம் தரும் என்று அமெரிக்காவில் விற்ற 12 தயாரிப்புகளை அங்குள்ள ஆய்வாளர்கள் பரிசோதித்து 2018இல் வெளியிட்டார்கள். பன்னிரண்டிலும் தைரொய்ட் ஹோர்மோன் இருந்தது. பலவற்றில் ஸ்டீரொய்ட் வகை ஹோர்மோன்களும் இருந்தன. போத்தலில் அது எழுதப்படவில்லை. உங்களுடைய போத்தலிலும் அப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. இருந்தால் அதுவே இரவில் மூளையை விழிக்க வைக்கலாம், நெஞ்சு படபடக்கலாம். இரண்டு மாதம் எடுத்துவிட்டீர்கள் என்பதால் இந்தப் பதிலை வாசித்த கையோடு தூக்கி எறியாதீர்கள். இந்தக் கிழமைக்குள் போத்தலையே கையில் கொண்டுபோய் உங்கள் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள், எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும். அடுத்த போத்தல் வாங்க வேண்டாம். இடையில் வாந்தி, மயக்கம், நிற்க முடியாத தலைசுற்று வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இயற்கை மருந்துதானே என்று பலர் சமாதானம் சொல்வார்கள். போத்தலில் அதிமதுரம் இருக்கிறதா என்று பாருங்கள். தொண்டைக்கு இரண்டு நாள் கடித்தால் ஒன்றும் ஆகாது. தினமும் உள்ளே போனால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அமுக்கரா சிலருக்குத் தைரொய்ட் அளவைக் கூட்டும், அரிதாக ஈரலையும் பாதித்திருக்கிறது.

சரி, ஏழரை மணித்தியாலத்தை உங்கள் வீட்டில் எங்கிருந்து எடுப்பது?

எனக்கு மிக விருப்பமான வழி: இரவு 11.45க்குக் கட்டில், காலை 7.15க்கு எழும்புவது, கிழமையில் ஏழு நாளும். ஸ்கூல் வானுக்குப் பிள்ளைகளை அனுப்பும் வேலை கணவருடையது. இடியப்பம் கடையில் வரட்டும், அல்லது பாணும் முட்டையும். பிள்ளைகளின் உடுப்பும் புத்தகப் பையும் முதல் நாளே எடுத்து வைத்துவிட்டால் மிச்சம் இருப்பது தலை பின்னுவதுதான். அதை ஒரு தகப்பன் இரண்டு கிழமையில் பழகலாம். கணவர் இரவு வேலை முடிந்து வந்து படுத்தால் வீடே குசுகுசுவென்று கதைக்கும். மருமகள் வந்து படுத்தால் 5 மணிக்குக் குக்கர் விசில் அடிக்கும். இதெல்லாம் நான் கேள்விப்படாத கதை இல்லை. மாமி வீட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள், டொக்டர் சொன்னார் என்று என் தலையில் போடுங்கள்.

அது எல்லா நாளும் சரிவராது என்றால் இரண்டாம் வழி. 11.45க்குப் படுத்து 5.15க்கு எழும்பி, வான் போனதும் நேராகத் திரும்பக் கட்டிலுக்குப் போங்கள். 6.30 முதல் 8.30 வரை. அறையில் தடித்த திரை, மின்விசிறி, போன் வெளியே. உங்களுக்கு வேலை 2.30க்குத்தான் தொடங்குகிறது, சமையலை 9 மணிக்கு வைக்கலாம். இரண்டு துண்டாகக் கொண்டாலும் நித்திரை நித்திரைதான், ஒரே மூச்சில் கொள்வது போல் அவ்வளவு திருப்தி இராது. பெரும்பாலான பெண்கள் கோட்டை விடுவது அந்த 6.30இல்தான். 'இந்தப் பாத்திரத்தை மட்டும் கழுவிவிட்டு' என்று தொடங்கினால் 8 மணியாகிவிடும்.

எந்த வழியானாலும் எழும்பும் நேரத்தைப் பிடித்து வையுங்கள். படுக்கும் நேரம் முன்பின்னாகலாம், எழும்பும் நேரம் ஆடக்கூடாது. ஞாயிறென்றால் ஒரு மணித்தியாலம் கூடக் கொள்ளுங்கள், 11 மணி வரை வேண்டாம். கிழமை முழுக்க 5 மணிக்கும் ஞாயிறில் 11க்கும் எழும்புகிற உடம்பு ஒவ்வொரு திங்களும் வேறு நாட்டு நேரத்தில் இறங்கிய மாதிரித்தான் தடுமாறும். ஞாயிறு தலைபாரத்துக்குப் பெரும் காரணம் இதுவே. எழும்பிய ஒரு மணித்தியாலத்துக்குள் இருபது நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள். மரைன் டிரைவில் நடக்கலாம், இல்லாவிட்டால் மொட்டை மாடியில் துணி காயப் போடலாம். கோட்டிசோல் எழும்பிய அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலத்தில் உச்சத்துக்குப் போய், நள்ளிரவுப் பக்கம் அடிமட்டத்துக்கு வரும் சுரப்பு. அந்தத் தாளத்தை ஒழுங்காக்கக் காலை வெளிச்சம் உதவும்.

இரவு 11க்கு வந்து மூளை விழித்துக்கொள்வது பற்றி. கந்தோரில் வெள்ளை வெளிச்சத்தில், கணினிக்கு முன், 10.30 வரை இலக்கம் பார்த்த மூளை அரை மணித்தியாலத்தில் அடங்காது. சாப்பாட்டை 8 மணி இடைவேளையில் கந்தோரிலேயே முடியுங்கள், வீட்டில் 11 மணிக்குச் சோறு வேண்டாம். பசித்தால் ஒரு வாழைப்பழம். குளிக்க வேண்டும் என்றால் இளஞ்சூட்டுத் தண்ணீர். பெரிய லைட்டை அணைத்துவிட்டுச் சின்ன லைட். அப்புறம் அந்தப் போன். நாள் முழுக்க எனக்கென்று ஒரு நேரமும் இல்லை, இந்த ஒரு மணித்தியாலம்தான் என்னுடையது என்று பல தாய்மார் சொல்கிறார்கள். நியாயம்தான். அந்த நேரத்தைப் பகல் 12 மணிக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

தேத்தண்ணியை எழுதவில்லையே! பின்னேர ஷிஃப்டில் எத்தனை கோப்பை குடிக்கிறீர்கள்? கஃபேன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணித்தியாலம் பிடிக்கும். கர்ப்பத்தடைக் குளிசை எடுப்பவருக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே 4 மணிக்குப் பிறகு தேத்தண்ணியும் வேண்டாம், கோப்பியும் வேண்டாம். நித்திரைக்கு என்று, அலர்ஜிக்குக் கொடுக்கிற பிரிட்டோன் குளிசையை எடுக்கிற பழக்கமும் இங்கே நிறையப் பேரிடம் இருக்கிறது. அது மறுநாள் காலையையும் மந்தமாக்கும்.

3 மணி முழிப்புக்கு அந்த ஆலோசகர் கோட்டிசோலைச் சொல்லியிருப்பார். ஆழ்ந்த நித்திரை இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். அதன் பிறகு நித்திரை இலேசாகும், எல்லோரும் இடையிடையே விழிப்போம், ஞாபகம் இருக்காது. லீவு நாளில் 10 மணிக்குப் படுக்கிறீர்கள் என்று வைப்போம், 3 மணியோடு 5 மணித்தியாலம் ஆகிவிட்டது. நாலு மணித்தியாலத்துக்குப் பழகிய உடம்பு போதும் என்று நினைத்துவிடுகிறது. விழித்தால் மணி பார்க்காதீர்கள். இருபது நிமிடமளவு புரண்டும் வராவிட்டால் எழும்பி மங்கல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொருகியதும் திரும்பிப் படுங்கள். நித்திரை வராமல் கட்டிலில் கிடக்கும் நேரத்தைக் கூட்டினால் நித்திரை இன்னும் சிதறும். 11 மணித்தியாலக் கட்டளையில் எனக்கு இருக்கிற பெரிய மறுப்பும் இதுவே.

இந்த ஒழுங்கை ஆறு கிழமை பிடித்துப் பாருங்கள். அதுவரை பரிசோதனைகளைத் தள்ளிப் போட வேண்டாம், போத்தலைக் காட்டப் போகும்போதே கேளுங்கள். முழு இரத்த எண்ணிக்கை, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின், தைரொய்ட்டுக்கு டிஎஸ்எச், சீனி, சிறுநீரகமும் ஈரலும், சோடியம் பொட்டாசியம், விட்டமின் பி12. இந்த வயதில், மாதவிடாய் கூடுதலாகப் போகிறவராக இருந்தால், என் முதல் சந்தேகம் இரும்புச் சத்து. ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருந்தாலும் பெரிட்டின் 30க்குக் கீழே கிடந்து ஆளை வாட்டும். இரும்புக் குளிசை தந்தால் அதோடு தேத்தண்ணி குடிக்கக் கூடாது. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். சைவச் சாப்பாட்டுக்காரராக இருந்தால் பி12ஐ மறக்க வேண்டாம். குறட்டை விடுகிறீர்களா என்று கணவரிடம் கேளுங்கள். குறட்டை, இடையில் மூச்சு நிற்பது, காலையில் வாய் வறட்சியும் தலையிடியும் இருந்தால் நித்திரையில் மூச்சுத் தடை இருக்கலாம். அது தடித்த ஆண்களுக்கு மட்டும் வருகிற வியாதி இல்லை.

அட்ரினல் பயம் விடாவிட்டால் காலை 8க்கும் 9க்கும் இடையில் எடுக்கும் இரத்தக் கோட்டிசோல் போதும். அதில் சந்தேகம் வந்தால் சுரப்பியைத் தூண்டிப் பார்க்கும் சினாக்தென் ஊசி போட்டு, போடுவதற்கு முன்னும் 30 நிமிடம் கழித்தும் அளப்பார்கள். கர்ப்பத்தடைக் குளிசை எடுத்தால் சொல்லிவிடுங்கள், அது இரத்தக் கோட்டிசோலைக் கூட்டிக் காட்டும்.

டெங்குவுக்குப் பிறகு கிழமைக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில், களைப்பு நிற்கும். அநேகமாக அது மெல்லமெல்லத் தேறும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கொஞ்சம் கூடுதலாக வேலை செய்த நாளில் சமாளித்துவிட்டு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ காய்ச்சல்காரர் போல் விழுகிறீர்களா? அப்படி ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் வைத்தியரிடம் அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். அப்படிப்பட்டவருக்கு 'நடந்தால் சரியாகும்' என்று தள்ளுவது கூடாது. அவருக்கு ஏலுமான அளவுக்குள் வேலையைப் பங்கிட்டுச் செய்வதே வழி. நல்ல பரிசோதனை முடிவும் ஏழரை மணித்தியால நித்திரையும் இருந்தும் எதிலும் விருப்பமில்லாமல், காரணமின்றி அழுகை வந்தால் அதையும் மறைக்க வேண்டாம். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துக் கதைக்கலாம்.

வேலையை விட வேண்டுமா? இப்போது வேண்டாம். இரவில் 4 மணித்தியாலம் மட்டும் நித்திரை கொண்ட மூளையோடு எடுக்கிற முடிவு அது. முதலில் கேட்கக் கூடிய சின்ன விஷயத்தைக் கேளுங்கள்: கிழமையில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. வந்து போகிற நேரம் மிச்சம், 10.30க்குக் கணினியை மூடினால் 11.30க்கே படுக்கலாம். உங்கள் நேரத்தைப் பார்த்தால் இப்போது ஓடுவது லண்டனின் குளிர்காலக் கணக்கு. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை முன்னே தள்ளியதும் கொழும்பில் உங்கள் ஷிஃப்ட் 1.30 முதல் 9.30 வரை ஆகும். 10 மணிக்கு வீட்டில் இருப்பீர்கள், 11க்குப் படுத்து 6.30க்கு எழும்பலாம். ஒக்டோபர் கடைசி ஞாயிறு அது திரும்பவும் பிந்தும். அப்போதும் 1.30க்கே தொடங்க விடுவார்களா என்று செப்டெம்பரிலேயே மேலாளரிடம் கேட்டு வையுங்கள். கணக்கு வேலையில் முதல் ஒரு மணித்தியாலம் லண்டன்காரர் கந்தோருக்கு வந்திருக்க வேண்டிய அவசியம் அநேகமாக இராது.